அருவிக்கரையில் எடுக்கும் நிச்சயப் படம் யாருடைய கதை?

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களோடு இன்னொரு கூட்டமும் வருகிறது. கேமரா, ட்ரோன், வண்ணப் புகைக் குப்பி, ஒரு பெட்டி நிறைய மாற்று உடைகள். நிச்சயமான பையனும் பெண்ணும் ஐந்தருவிப் பாதையில் ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். பிறகு சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம், அதன் பிறகு ‘அந்நியன் பாறை’. கேமராக்காரர் கையைப் பிடிக்கச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், நெற்றியோடு நெற்றி வைக்கச் சொல்கிறார். நேற்று வந்த ஜோடிக்கும் அதையேதான் சொன்னார், நாளை வருகிற ஜோடிக்கும் அதையேதான் சொல்லப் போகிறார்.

இதில் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை என்று எந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிடுகிறது. கேட்டால், “எங்க கதையை எங்க விருப்பப்படி எடுத்தோம்” என்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த வீடியோவில் அவர்களுடைய கதை எங்கே இருக்கிறது?

முதலில் மார்க்கத்தின் நிலையைப் பார்த்துவிடுவோம். நிச்சயம் என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே, அது நிக்காஹ் ஆகாது. மோதிரம் மாற்றினாலும், ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும், ஈஜாப் கபூல் நடக்கும் வரை அந்த இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர்தான். பெண் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் பேசிய முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களிடம், அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. குடும்பத்தார் அருகிலிருக்கப் பார்ப்பதும் பேசுவதும் வேறு, தனியாக மலையடிவாரத்துக்குப் போய்க் கட்டிப்பிடித்துப் படமெடுப்பது வேறு. (புகைப்படமே கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு, பலர் செய்யவும் செய்கிறார்கள். நிச்சயத்துக்கென்று ஒரு மண்டபம், கல்யாணத்துக்கென்று ஒரு மண்டபம் என்று இரட்டைச் செலவு செய்யாமல், பேசி முடித்ததும் பள்ளிவாசலில் வைத்து நிக்காஹ்வை முடித்துவிடுவது. வலீமாவை மாப்பிள்ளையின் விடுமுறைக்கு ஏற்றபடி பிறகு வைத்துக்கொள்ளலாம். நிக்காஹ் முடிந்தால் கணவனும் மனைவியும் குற்றாலம் போகலாம், குடை பிடிக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா என்பது மட்டும்தான் அப்போது மிச்சம்.

நிச்சயத்தோடு நின்றுபோகிற சம்பந்தங்களும் இருக்கின்றன. விசா பிரச்சினை, கொடுக்கல் வாங்கல், குடும்பச் சண்டை என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் ஓடிய வீடியோவைத் திருப்பி வாங்க முடியாது. அடுத்த வரன் வரும்போது அது பெண்ணின் போனில் இருக்காது, ஆனால் பார்க்க வருகிறவர்களின் போனில் இருக்கும். பையனை யாரும் கேட்பதில்லை. பதில் சொல்ல வேண்டியவள் பெண் மட்டும் என்பது அநியாயம், ஆனால் நம் ஊரில் நடப்பது அதுதான்.

எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணம். பெண்கள் பக்கம் எடுத்த படங்களை ஒரு ஸ்டூடியோ தன் விளம்பரப் பக்கத்தில் போட்டுவிட்டது. கேட்டதற்கு, “நாங்க எடுத்த படம்தானே” என்றார்கள். இங்கே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17 ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே முன்பணம் கொடுக்கும்போது நீட்டுகிற ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி கதைக்கு வருவோம். நபித்தோழர்களின் திருமணங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. உம்மு சுலைம் (ரலி) அவர்களை அபூதல்ஹா பெண் கேட்டபோது அவர் இன்னும் இஸ்லாத்துக்கு வரவில்லை. நீங்கள் இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹர் என்றார் அந்தப் பெண்மணி. இன்னொரு தோழரிடம் மஹராகக் கொடுக்க இரும்பு மோதிரம்கூட இல்லை. அவருக்கு மனனமாக இருந்த குர்ஆன் அத்தியாயங்களை வைத்து நபி (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்தார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தது பயணத்தின் நடுவே. அந்த வலீமாவில் இறைச்சி இல்லை, ரொட்டி இல்லை. பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான். அவரவர் வாழ்க்கை எப்படியோ அப்படியே திருமணமும் இருந்தது. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் யார் திருமணம் எது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறது.

நம் நிக்காஹ் தப்தரைப் புரட்டினால் மஹர் என்ற இடத்தில் இமாமும் பெரியவர்களும் சொன்ன ஒரு தொகை, வரிசையாக ஒரே மாதிரி. பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. மஹரைப் பெண்களுக்கே மனமுவந்து கொடுக்கும்படி குர்ஆன் (4:4) சொல்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தி மேல்படிப்புக் கட்டணம் என்பாள், ஒருத்தி தையல் இயந்திரம் என்பாள், ஒருத்தி உம்ரா என்பாள். கதை தொடங்குவது அங்கேதான். கைக்கூலி வாங்கிக்கொண்டு, போட்டோ செலவையும் பெண் வீட்டார் தலையில் கட்டிவிட்டு, சூரியகாந்திப் பூவுக்கு நடுவே நின்று காதல் கதை சொல்வதில் என்ன இருக்கிறது?

நம் ஊர்களில் கதைக்குப் பஞ்சமும் இல்லை. கடையநல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே வந்து சம்பந்தம் செய்கிறார்கள். 1941 இல் அங்கே தொடங்கப்பட்ட சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946 இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அந்தப் பள்ளியில் படித்தவரின் பேத்திக்குக் கல்யாணம் என்றால், பாட்டனாரின் பழைய கப்பல் பெட்டியும் அவர் ஊருக்குப் போட்ட கடிதங்களும் பரணில் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். அந்தப் பெட்டியை நடு முற்றத்தில் வைத்து, பெண்ணின் கையெழுத்தில் மஹர் விவரம் எழுதிய தாளை அதன் மேல் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும், பெண்ணின் முகம்கூட அதில் வேண்டியதில்லை. புளியங்குடிப் பெண் என்றால் எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. நெசவுக் குடும்பம் என்றால் மாப்பிள்ளையின் கைலியைச் சொந்தத் தறியிலேயே நெய்யலாம். பேசி முடித்த கையோடு இரு வீட்டாரும் பிரானூர் பார்டரில் உட்கார்ந்து பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டீர்களா? அந்த மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் சிரிக்கிற படம் ட்ரோன் படத்தைவிட நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து.

நிக்காஹ் முடிந்த பிறகு குற்றாலத்தில்தான் எடுப்போம் என்றால், தாராளமாக எடுங்கள். ஆனால் இடத்தைத் தெரிந்து எடுங்கள். சீசனில் மேகம் மூடியிருக்கும். வெளிச்சம் மென்மையாக இருக்கும், முகத்தில் நிழல் விழாது, அது நல்லது. சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், துடைக்கத் துணி வேண்டும். விடிந்ததும் போய்விடுங்கள், கூட்டம் வந்த பிறகு எடுத்தால் குளித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒரு சகோதரியும் உங்கள் ஆல்பத்தில் வந்துவிடுவார். அது அவருக்குச் செய்யும் அநீதி.

தண்ணீருக்குள் இறங்கிப் பாறைமேல் நின்று எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் போதும், நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை. செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் வனத்துறையின் காட்டுக்குள் அனுமதியின்றி ஏறக் கூடாது. ட்ரோனுக்கும் விதி இருக்கிறது: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட, சான்றிதழ் பெற்ற இயக்குநர் வேண்டும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி அங்குள்ள விவசாயியின் பயிர். வரப்பில் நின்று கேட்டுவிட்டு இறங்குங்கள், மிதிபட்ட செடி விதை கொடுக்காது.

கேமராக்காரரிடம் பேசும்போது விலையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் வருவாரா, மெமரி கார்டு யாரிடம் இருக்கும், எடிட்டிங் எங்கே நடக்கும், ஆல்பம் கொடுத்த பிறகு அவர் கணினியில் உள்ளதை எப்போது அழிப்பார் என்பதையெல்லாம் கேட்டு எழுதி வாங்குங்கள். “எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க” என்று மாதிரி ஆல்பத்தை நீட்டினால் அதை மூடி வைத்துவிட்டு, மணமக்கள் இருவரையும் தனித்தனியே அவரவர் வீட்டில் உட்காரவைத்து, இந்தச் சம்பந்தம் எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு சாச்சியோ மாமியோ இருப்பார், ஒரு ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சியோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவோ இருக்கும். அந்தச் சாச்சியை முதல் படத்தில் நிற்க வையுங்கள்.