பள்ளிக் கட்டணம் போகும் வழி

பிள்ளையைத் தனியார் பாடசாலையிற் சேர்க்கச் செல்லும் பெற்றோர் பல கேள்விகளைக் கேட்கின்றனர். அனுமதிப் பணம் எவ்வளவு? மாதக் கட்டணம் எவ்வளவு? ஆங்கிலம் எந்த வகுப்பிலே தொடங்குகிறது? வாகன வசதி உண்டா? இவை யாவும் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால், நாளெல்லாம் நம் பிள்ளையோடு நின்று தொண்டை வற்றப் பேசப்போகும் ஆசிரியைக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர் அரியர். அவ்வாறு கேட்பது நாகரிகமன்று என்றும் நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

வவுனியா நகரிலும் கிளிநொச்சியிலும் முன்பள்ளி, ஆங்கிலமொழிப் பாடசாலை, தனியார் கல்வி நிலையம் என்று பலவகைப் பெயர்ப்பலகைகளை இன்று காண்கின்றோம். இவற்றை நடத்துவோர் எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கும், இவற்றிற் படிப்பிப்போர் பெறும் ஊதியத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை அலுவலக அறைக்கு வெளியே எவரும் அறியார். தூரம் இருப்பது ஒரு குறை. அது மறைந்திருப்பது அதனினும் பெரிய குறை. இதனையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முகாமையாளர் காலம்

இது நமக்குப் புதிய வழக்கன்று. சுதந்திரத்துக்கு முந்திய இலங்கையில் மிகப் பல பாடசாலைகளைக் கிறிஸ்தவ மிசன்களும், இந்து, பௌத்த சங்கங்களும், தனிப்பட்டோருமே நடத்திவந்தனர். வடக்கிலே 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினம் அவர்களின் பெருமுயற்சியால் ஊரூராகப் பாடசாலைகளை நிறுவியது. இத்தகைய பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிப் பணம் வழங்கியமையால் இவை உதவி பெறும் பாடசாலைகள் எனப்பட்டன.

அப்பணம் ஆசிரியர் கைக்கு நேரே வரவில்லை. முகாமையாளரிடம் சென்று, அவர் வழியாகவே ஆசிரியரை அடைந்தது. நியமிப்பவரும் அவரே, நீக்குபவரும் அவரே, சம்பளம் கொடுப்பவரும் அவரே. தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பாடசாலையை வளர்த்த முகாமையாளர்களும் இருந்தனர்; அவர்களை நாம் மறத்தலாகாது. ஆயினும், ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு அதனிற் குறைந்த தொகையைப் பெற்றுச் செல்லும் அவலமும், நன்கொடை என்ற பெயராலே சம்பளத்திற் கழிக்கப்படும் கொடுமையும் ஆசிரியர்களின் ஓயாத முறைப்பாடுகளாக இருந்தன. கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற ஆசிரியர் இயக்கம், ஆசிரியனின் பிழைப்பு ஒரு தனிமனிதரின் தயவிலே தங்கியிருத்தல் ஆகாது என்று வாதாடியது.

கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 அக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்திற் சேர்ந்த பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி தொடக்கம் உதவி பெறும் பாடசாலைகளின் நிருவாகத்தை அரசாங்கமே ஏற்றது. கட்டணம் அறவிடாது தனியாராக நிற்க விரும்பிய பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் அவ்வாறு நிற்க வழி விடப்பட்டது. வன்னியிலே இருந்தவை பெரும்பாலும் சிறு பாடசாலைகள். அவற்றுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

கேரளத்தின் வழி

ஏறக்குறைய இதே காலத்திலே கேரளத்திலும் இவ்வழக்கு எழுந்தது. 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் அமைந்த அமைச்சரவையிலே கல்வி அமைச்சராயிருந்தவர் ஜோசப் முண்டசேரி. தாமே தனியார் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர் அவர். அவர் கொண்டுவந்த கல்விச் சட்டம், உதவி பெறும் பாடசாலைகளின் ஆசிரியருக்கு அரசாங்கமே நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ சம்பளம் வழங்க வகை செய்தது. மசோதா இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாடசாலை நடத்தியோரும் வேறு பலரும் கிளர்ந்தெழுந்தனர். 1959 ஜூலை 31ஆந் திகதி அந்த அமைச்சரவையே கலைக்கப்பட்டது. எனினும், நேரே சம்பளம் கொடுக்கும் முறை கலைந்துவிடவில்லை. சம்பளத்தின் அளவும் வழியும் ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் அதனை மீண்டும் மறைப்பது எளிதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

திறந்த புதிய கதவு

இலங்கையிலே 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கெனப் புதிய தனியார் பாடசாலைகள் தோன்றுவதைத் தடுத்தது. ஆனால், 1977இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டபொழுது வேறொரு வழி பிறந்தது. கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற சர்வதேச பாடசாலைகள் தோன்றின. கம்பனிக்குக் கல்வி அமைச்சின் சம்பளச் சுற்றறிக்கை பொருந்தாது. நடத்துவோர் எவ்வளவு எடுப்பது, படிப்பிப்போருக்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றை நடத்துவோரே தீர்மானிக்கின்றனர். பழைய முகாமையாளரை உதவிப் பணத்தின் நிபந்தனைகளாவது ஓரளவு கட்டுப்படுத்தின. இன்றைய பணிப்பாளருக்கு அக்கட்டும் இல்லை.

வன்னியின் நிலை

வன்னியிலே இக்கேள்வி தனிக் கூர்மை பெறுகின்றது. போர்க்காலத்திலும் இங்குள்ள அரச ஆசிரியர்களுக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. அவர்களின் பக்கத்து வகுப்பறையிலே தொண்டர் ஆசிரியர்கள், சிறு உதவித் தொகைக்கும் சிலவேளை அதுவுமின்றியும் படிப்பித்தனர். பின்னாளில் அரச நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவர்களின் சம்பளமாக இருந்தது.

2009இல் போர் முடிந்தபின் முன்பள்ளிகளில் வேறொரு காட்சியைக் கண்டோம். மாகாணக் கல்வித் துறையைச் சார்ந்த முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் சில ஆயிரம் ரூபா ஊக்குவிப்புப் படியே கிடைத்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் தன் சம்பளப் பட்டியலிற் சேர்த்துக்கொண்ட ஆசிரியைக்கோ அதனைப்போற் பல மடங்கு கிடைத்தது. இருவரும் சொல்லிக் கொடுத்தது ஒரே அகரம்; பாடியது ஒரே வகைப் பாட்டு. குழந்தைகளின் கல்வி படைத்துறை சார்ந்த திணைக்களத்தின் கைக்குப் போகலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது நியாயமான கேள்வியே. ஆனால், அந்த ஆசிரியைகள் ஏன் அங்கு சென்றனர் என்பதையும் நாம் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் உழைப்பார் இல்லாத பெண்ணுக்கு நிலையான சம்பளம் சிறு விடயமன்று.

தனியார் நிலையங்களின் நிலையையும் நாம் கேட்டறிந்திருக்கின்றோம். நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, பட்டம் பெற்றபின் ஒரு தனியார் நிலையத்திலே இரண்டு ஆண்டுகள் படிப்பித்தாள். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. விடுமுறை மாதத்திலே பாதிச் சம்பளம். அங்கே கட்டணம் இருமுறை உயர்ந்தது. அவள் சம்பளம் உயரவில்லை. "கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள், சேர்" என்றாள். அவளைப் போன்றவர் அரச நியமனம் கிடைத்த மறுநாளே போய்விடுகின்றனர். ஆண்டின் நடுவிலே ஆசிரியரை இழக்கும் பிள்ளைதான் இச்சிக்கனத்தின் விலையைக் கொடுக்கின்றது.

நிருவாகிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாகாதா?

கொடுக்கலாம். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பியவர், 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா முடக்கத்திலே கட்டணம் வராத மாதங்களைத் தாங்கியவர், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் கடந்து வந்தவர், சற்று மிகுதியாகப் பெறுவதை எவரும் குறைகூறார். பொறுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வெளியே சொல்லக்கூடாதா என்பதே நம் கேள்வி.

அரச பாடசாலையைப் பாருங்கள். இலங்கை அதிபர் சேவை, இலங்கை ஆசிரியர் சேவை ஆகிய இரண்டின் சம்பளத் திட்டங்களும் அச்சிலே இருக்கின்றன. அதிபரின் சம்பளத்தை ஆசிரியர் அறிவார். ஆசிரியரின் சம்பளத்தை அதிபர் அறிவார். 1997 முதல் நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலையிலே தொடங்கி நூறு நாட்களுக்கு மேல் நடந்த போராட்டத்திலே அதிபர்களும் ஆசிரியர்களும் ஒரே அணியில் நின்றமைக்கு இந்த வெளிப்படையும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

தனியார் பாடசாலைகளிலும் இது முடியாத காரியமன்று. இங்கிலாந்திலே அறநிலையங்களாகப் பதிவுபெற்று நடக்கும் தனியார் பாடசாலைகள், ஆண்டுக்கு 60,000 பவுணுக்கு மேற் பெறுவோர் எத்தனை பேர் என்பதைத் தம் கணக்கறிக்கையிலே காட்டுகின்றன. அமெரிக்காவிலே இலாப நோக்கற்ற கல்வி நிலையங்கள் தம் உயர் அலுவலர்களின் ஊதியத்தை வருமான வரித் துறைக்கு அளிக்கும் பத்திரத்திலே காட்டவேண்டும். அதனை எவரும் பார்க்கலாம். அங்கும் ஊதிய இடைவெளி உண்டு. ஆனால், அதனைப் பற்றி விவாதிப்பதற்குக் கையிலே ஒரு கணக்கு இருக்கின்றது.

சட்டம் தரும் காப்பு

நம் நாட்டிலும் ஆசிரியர் முற்றும் துணையற்றவர் அல்லர். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக நிறுவியது. 2024இல் அது 17,500 ஆயிற்று. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 27,000 ரூபாவாகவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்த வகை செய்தது.

ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8 செலுத்த வேண்டும்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். சிறு அறநிலையங்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கம்பனியாக நடக்கும் பாடசாலை அவற்றுள் அடங்காது.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். சம்பளம் 30,000 ரூபா என்று கொள்வோம். நிலையம் தன் பங்காகச் செலுத்தவேண்டியது மாதம் 4,500 ரூபா, ஆண்டுக்கு 54,000, பத்தாண்டுக்கு, வட்டியின்றியே, 540,000 ரூபா. பதினைந்து ஊழியருக்குக் குறையாத நிலையமாயின், ஐந்தாண்டுக்கு மேற் பணியாற்றியவருக்கு ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. பத்தாண்டுக்கு 150,000 ரூபா. இரண்டையும் கூட்டினால் 690,000 ரூபா. பதிவு செய்யாது வேலை வாங்கும் நிலையத்திலே ஆசிரியை ஓசையின்றி இழப்பது இத்தொகையாகும்.

ஆதலாற் படிப்பிக்கச் செல்லும் இளைஞர் முதல் நாளிலேயே நியமனக் கடிதத்தையும், மாதந்தோறும் சம்பளச் சீட்டையும், சேமலாப நிதி இலக்கத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். மறுக்கப்படின் தொழில் திணைக்களத்திலே முறையிடலாம்.

பெற்றோர் செய்யத்தக்கது இன்னும் எளிது. அடுத்த பெற்றோர் கூட்டத்திலே, நாம் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எத்தனை ரூபா ஆசிரியர்களுக்குச் செல்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். எவருடைய தனிப்பட்ட சம்பளத்தையும் கேட்கவேண்டியதில்லை. அந்தப் பங்கு ஒன்றே போதும். நேர்மையாக நடத்தும் நிலையம் மகிழ்ந்து விடை கூறும். விடை கூறத் தயங்கும் நிலையத்திலே பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோரும் சற்றுத் தயங்குதல் நன்று.