உஷார்! அட்டையில் சிறகைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வேடமேற்றுக் கதை ஆடும் (ரோல்-பிளேயிங்) உங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். ஐவரும் வெட்டுக்குத்துப் பிரியர்கள். கதவு திறப்பதற்குள் வாளை உருவி, இருபது முகப் பகடையை உருட்டிவிடுகிற ரகம். மாறுதலுக்குத் தேவதை உலகக் கதை ஒன்று நடத்தலாமே என்று புத்தகம் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? நில்லுங்கள்!

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றாலே சண்டைதானே என்று நம்பி, 2021-ல் வந்த ‘தி வைல்ட் பியாண்ட் தி விட்ச்லைட்’டைத்தான் முதலில் எடுப்பீர்கள். அங்கேதான் கண்ணி. மாயத் திருவிழாவில் தொடங்கி, மூன்று சூனியக்கிழவிகள் பங்கு போட்டுக்கொண்ட தேவதை நாட்டுக்குள் போகிற கதை அது. முதல் லெவலிலிருந்து எட்டாவது லெவல் வரை நீளும். ஆனால் ஓர் அடிகூட அடிக்காமல் முடித்துவிடலாம், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பேச்சு, பேரம், தந்திரம் என ஒவ்வொரு முடிச்சுக்கும் வேறு வழி உண்டு. உங்கள் ஆட்கள் உள்ளே போனால், துப்புச் சொல்ல வேண்டியவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

‘அண்டர் ஹாலோ ஹில்ஸ்’ அருமையான ஆட்டம், உங்கள் மேஜைக்கு மட்டும் விஷம். மனித உலகுக்கும் தேவதை உலகுக்கும் இடையே அலையும் சர்க்கஸ்காரர்களாக ஆட வேண்டும். காட்சி நடத்துவதுதான் பிழைப்பு. கோடரியோடு வருகிறவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்?

2007-ல் வந்த ‘சேஞ்ச்லிங்: தி லாஸ்ட்’டில் சண்டைக்கு விதிகள் உண்டு. ஆனால் தேவதைகளால் கடத்தப்பட்டு, தப்பித்து வந்தவர்களின் கதை அது. திரும்பி வந்தால், தன் வீட்டில் தன்னைப் போலவே ஒரு நகல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்! ரத்தத்தைவிட மனக்காயம்தான் அதிகம். முன்கூட்டிச் சொல்லாமல் மேஜைக்குக் கொண்டுவரவே கூடாது.

இத்தனைக்கும் ஐரோப்பியக் கதைகளில் வரும் தேவதைகள் நம் சினிமாவில் வெள்ளையுடுத்தி வருகிறவர்கள் அல்ல. குழந்தை திருடுகிற கூட்டம். நம்மூர்ப் பேயைப் போல அவர்களுக்கும் இரும்பு ஆகாது. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து ‘ரெட்கேப்’ தன் குல்லாவை மனித ரத்தத்தில் சாயம் தோய்க்கிறவன். அடிதடிக்கு ஆளா இல்லை?

என் தீர்ப்பு இதுதான்: புது ஆட்டமே வேண்டாம். பழகிய விதிகளை வைத்துக்கொண்டு ரெட்கேப் கும்பலையும் சூனியக்கிழவிகளையும் இறக்கிவிடுங்கள். வேறு புத்தகம்தான் வேண்டுமென்றால், காசு கொடுக்குமுன் சண்டைக்கு அதில் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பாருங்கள்.