சீமைச் சம்மனும் பதினான்கு நாள் கெடுவும்

இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றம் அனுப்பிய விவாகரத்து மனுவுக்குப் பொதுவாக 14 நாட்களுக்குள்ளும், கலிபோர்னியா நீதிமன்றம் அனுப்பியதற்கு 30 நாட்களுக்குள்ளும் பிரதிவாதி பதில் தெரிவித்தாகவேண்டும் என்று விதி இருக்க, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் எழுதுவதா, எழுதாமலே இருந்துவிடுவதா என்று கேட்டு வரும் கடிதங்கள் அண்மைக் காலமாக இந்தப் பகுதிக்கு மிகுதியாகிவிட்டன. எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மகள் சேலத்திலோ மதுரையிலோ பிறந்தகத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஹாரோவிலோ சான் ஹோசேயிலோ இருக்கிறார். உள்ளூர் வக்கீல் ஒருவர், "உடனே பதில் போடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ந்துவிடும்" என்கிறார். மற்றொருவர், "அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள், தொட்டால் மாட்டிக்கொண்டீர்கள்" என்கிறார். இருவரும் சட்டம் கற்றவர்களே என்பதும், இருவரும் ஆதாரமாகக் கொள்வது உச்ச நீதிமன்றத்தின் ஒரே தீர்ப்பைத்தான் என்பதும்தான் இதில் வேடிக்கை.

விவாகரத்து, ஜீவனாம்சம் ஆகியவற்றின் இலக்கணத்தை வாசகர்களுக்கு நான் உபதேசிக்கவேண்டியதில்லை. நேரே அந்தத் தீர்ப்புக்கு வருகிறேன்.

1975-ஆம் ஆண்டு திருப்பதியில் ஹிந்து முறைப்படி மணந்துகொண்ட தம்பதிகள் மூன்றாண்டுகளில் பிரிந்தார்கள். அமெரிக்காவிலிருந்த கணவர், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயி வட்டார நீதிமன்றத்தில், தாம் 90 நாட்களுக்குக் குறையாமல் அம்மாநிலத்தில் வசித்தவர் என்று சொல்லி, மண வாழ்வு மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தின் மேல், மனைவி ஆஜராகாமலே, 1980-இல் விவாகரத்துப் பெற்றார். மறு ஆண்டே ஆந்திரத்தில் யாதகிரிகுட்டாவில் வேறொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி இருதார மணக் குற்றம் சாட்டினார். மிசௌரித் தீர்ப்பின் போட்டோஸ்டாட் நகலை நம்பி மாஜிஸ்டிரேட் கணவரை விடுவித்ததும், சான்றிடப்படாத நகல் சாட்சியமாகாது என்று உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததும், வழக்கு தில்லிக்குப் போனதும் அடுத்தடுத்த கட்டங்கள். நகலைப் பற்றிய அற்பத் தகராறாக முடிந்திருக்கக்கூடிய அந்த வியாஜ்யத்தை, 1991-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்நிய நாட்டுக் குடும்பத் தீர்ப்புகள் அனைத்தையும் அளக்கும் அளவுகோலாகவே ஆக்கிவிட்டது.

அந்த அளவுகோல் இரண்டைக் கேட்கிறது. அந்நிய நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரம், தம்பதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டத்தின்படி அமைந்திருக்கவேண்டும். விவாகத்தை ரத்துசெய்த காரணமும் அதே சட்டத்தில் உள்ளதாக இருக்கவேண்டும். இதற்கு மூன்று விலக்குகள். பிரதிவாதி நிரந்தரமாக வாழும் நாட்டிலேயே வழக்கிடப்பட்டு, காரணமும் நமது சட்டத்தில் இருந்தால் தீர்ப்பு செல்லும். பிரதிவாதி தாமாகவே அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு, நமது சட்டத்திலுள்ள ஒரு காரணத்தின் மேல் எழுந்த வழக்கை எதிர்த்து வாதாடியிருந்தால் செல்லும். பிரதிவாதி சம்மதித்தால் செல்லும்.

இந்த மூன்றையும் உற்றுப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். பிரதிவாதியின் நடத்தைதான் தீர்ப்பின் ஆயுளை நிர்ணயிக்கிறது. கடல் கடந்த நீதிபதி எத்தனை நேர்மையாக விசாரித்தாலும், சேலத்தில் இருக்கும் பெண் அங்கே போய் வாதாடினாளா, வாயைத் திறக்காமல் இருந்தாளா என்பதைப் பொறுத்தே அவருடைய தீர்ப்பு இங்கே தீர்ப்பாகவோ வெறும் காகிதமாகவோ ஆகிறது. சாதாரண வழக்கில் ஆஜராகாதவன் தோற்கிறான். இந்த வழக்கில் ஆஜராகாதவளே, ஆஜராகாத காரணத்தால், தன் விவாக அந்தஸ்தைக் காப்பாற்றிக்கொள்கிறாள். "தொடாதீர்கள்" என்ற வக்கீலின் யோசனைக்கு வேர் இதுதான்.

ஆனால் தொடுவது என்றால் எது? ஆட்சேபத்தோடு தாக்கல் செய்யும் பதிலும், உங்களுக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்று சொல்வதற்காக மட்டும் நேரிலோ பிரதிநிதி மூலமாகவோ ஆஜராவதும், வழக்கின் தன்மையை ஆராய்ந்து பெற்ற தீர்ப்பாக அதை ஆக்கிவிடமாட்டா என்று அதே 1991 தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பயந்து ஒளிய வேண்டியதில்லை. எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு விலகி நிற்கலாம். அந்த எதிர்ப்பைத் தாண்டி, ஜீவனாம்சம் இவ்வளவு வேண்டும், வீட்டில் பங்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கத் தொடங்கும் கணத்தில், விலகி நின்றவள் உள்ளே வந்துவிட்டாள் என்று எதிர்த்தரப்பு பிற்பாடு வாதிக்க வழி திறக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான சிக்கல் ஒன்றை இங்கிலாந்து தானே, நல்லெண்ணத்தோடு, உண்டாக்கிவிட்டது. 2022 ஏப்ரல் 6-க்கு முன்னால் அங்கே விவாகரத்துக் கேட்டவர், பிறன்மனை விழைவு, சகிக்கமுடியாத நடத்தை, கைவிடுதல், இரண்டாண்டு அல்லது ஐந்தாண்டுப் பிரிவு ஆகிய ஐந்தில் ஒன்றைக் காட்டவேண்டியிருந்தது. அவற்றுள் முதல் மூன்றும் நமது ஹிந்து விவாகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறவை. தம்பதிகளை ஒருவர்மேல் ஒருவர் சேறு பூசவைக்கும் அந்த முறை வேண்டாமென்று 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை ஒழித்தது. இப்போது, மணவாழ்வு முறிந்துவிட்டது என்று ஒருவர் அறிக்கை செய்தாலே போதும். அதை மறுக்க மற்றவருக்கு இடமில்லை. நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, விவாகமே செல்லாது, விவாகம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பன போன்ற சில ஆட்சேபங்களைத் தவிர வேறெதையும் அங்கே எழுப்பமுடியாது. குற்றம் சாட்டாத அந்நாட்டு நாகரிகம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் குற்றத்தையே காரணமாகக் கேட்கும் நமது சட்டத்தின் முன், காரணமில்லாத தீர்ப்பு எதைக் காட்டி நுழையும்? மீளமுடியாத முறிவு நமது ஹிந்து விவாகச் சட்டத்தில் இன்றுவரை ஒரு காரணமாக இடம்பெறவில்லை. 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு அனுமதித்தபடி, அந்தக் காரணத்தின் மேல் விவாகத்தைக் கலைக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 142-ஆம் விதியின் கீழ் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கே உரியது.

ஆக, 2022-க்குப் பின் இங்கிலாந்தில் ஒருதலையாக முடிந்த விவாகரத்து, தம்பதிகள் இருவருமே அந்நாட்டில் நிலையாக வாழ்பவர்களாயினும், இங்கே நடந்த ஹிந்து விவாகத்தைப் பொறுத்தவரை, மூன்றாவது விலக்காகிய சம்மதம் என்ற ஒரே வாயிலின் வழியாகத்தான் உள்ளே வரமுடியும். அந்தச் சம்மதத்தின் அடையாளம் என்ன என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பதில் படிவத்தில், "விண்ணப்பத்தை எதிர்க்க உத்தேசமா?" என்ற கேள்விக்கு, எதிர்க்க வழியே இல்லாத சட்டத்தின் கீழ், இல்லை என்று குறியிடுவதே உண்மையான பதிலாகும். அந்தக் குறியை நாளைக்கு இங்கே ஒரு நீதிமன்றத்தில் நீட்டி, "பாருங்கள், சம்மதித்தாள்" என்று ஒருவர் வாதிக்கலாம்; எதிர்க்க இயலாமை வேறு, சம்மதம் வேறு என்று மற்றவர் மறுக்கலாம். எதிர்க்கவில்லை என்று குறிக்கும்போதே, விவாகரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்று தனியாக எழுதிச் சேர்ப்பது, ஒரு தாள் செலவில் கிடைக்கும் காப்பு.

மௌனத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். 1991 தீர்ப்பு கைவிடப்பட்ட மனைவியருக்குக் கேடயம் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கேடயம்தான், ஆனால் அது மறைப்பது விவாக அந்தஸ்தை மட்டுமே. லெஸ்டரில் உள்ள வீடும், அங்கேயுள்ள வங்கிக் கணக்கும், கணவரின் பென்ஷனும் அந்நாட்டு நீதிமன்றத்தின் கைக்கு எட்டியவை. இந்தியா அந்தத் தீர்ப்பை அங்கீகரிக்காது என்பது அந்த வீட்டை விற்க யாருக்கும் தடையாக இராது. அதற்கு மேலும் ஒரு துன்பம். அங்கே அவர் தனியர். மறுமணம் செய்துகொண்டு, அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் ஒழுங்காக வாழ்கிறார். இங்கே அவள் இன்னும் அவருடைய மனைவி. இங்கேயே ஒரு விவாகரத்துப் பெறாமல் அவள் வேறொரு வாழ்க்கை தொடங்கமுடியாது. மௌனத்தால் வென்ற அந்தஸ்து அவளுக்கு மாலையா விலங்கா என்பது, அவளுக்கு வயது என்ன, அவர் பெயரில் இங்கே சொத்து என்ன என்பவற்றைப் பொறுத்தது. சொத்தும் குழந்தையும் அங்கே இருந்தால் எதிர்ப்போடு ஆஜராவதும், எதுவும் அங்கே இல்லாவிட்டால் மௌனமும் பொதுவாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இரு நாட்டு வக்கீல்களையும் ஒரே வாரத்தில் கலந்து பேசாமல் எந்தப் பக்கமும் அடியெடுத்து வைக்கக்கூடாது.

அரசாங்கத்தின் உதவி? வெளிநாட்டுக் கணவரால் கைவிடப்பட்ட இந்தியப் பெண்களுக்கு வெளியுறவு அமைச்சகம் வழக்குக்கு 4,000 டாலர் வரை சட்ட உதவி தருகிறது என்று அடிக்கடி அறிவிக்கப்படுகிறது. பணம் பெண்ணின் கையில் வராது. தூதரகம் பட்டியலிட்ட வக்கீலுக்கோ அமைப்புக்கோ போகும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தேசத்தில் அத்தொகை எத்தனை நாள் தாங்கும் என்பதை அறிவிப்புகள் சொல்வதில்லை. வெளிநாட்டு இந்தியர் விவாகங்களை 30 நாட்களுக்குள் பதிவுசெய்யவேண்டும், ஆஜராகாத கணவருக்கு அமைச்சக வலைத்தளத்திலேயே சம்மன் இடலாம் என்ற மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வந்து, சட்டமாகாமலே நின்றது. இதற்கெனத் தனிச்சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2009-இலும், மீண்டும் 2024-இலும் எழுதிக்கொடுத்தது. எழுதிக்கொடுப்பதில் நமது ஆணையங்களுக்குச் சலிப்பே இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் தருகிறேன்.

சம்மன் வாட்ஸப்பில் வந்தது, செல்லுமா? அந்நிய நாடுகளுக்குச் சம்மன் அனுப்புவது பற்றி ஹேக் நகரில் 1965-இல் உருவான உடன்படிக்கையில் 2006-இல் சேர்ந்த இந்தியா, தபால் மூலம் அனுப்புவதை ஆட்சேபித்திருக்கிறது. சட்ட அமைச்சகம் வழியாக வருவதே முறை. ஆனால் அந்நிய நீதிபதி வேறு வழியை அனுமதித்துவிட்டால் அங்கே கெடு ஓடத் தொடங்கிவிடும். முறைகேட்டை நம்பிக் கைகட்டி இராதீர்கள்.

குழந்தையை இங்கே அழைத்துவந்துவிட்டோம், திருப்பி அனுப்பச் சொல்வார்களா? குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2015-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தின் உத்தரவுக்கு மதிப்புக் கொடுத்த உச்ச நீதிமன்றம், 2017-இல் குழந்தையின் நலமே முதன்மை, அந்நிய உத்தரவு பல அம்சங்களில் ஒன்றே என்றது.

இங்கே வழக்குப் போட ஊர் எது? மனைவியானால் அவள் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம், 2003 திருத்தம்.

அங்கே தீர்ப்பான ஜீவனாம்ச பாக்கியை இங்கே வசூலிக்கலாமா? பிரிட்டன், சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் பணத் தீர்ப்புகளை நேரே நிறைவேற்றக் கோரலாம். அமெரிக்கத் தீர்ப்பானால் மூன்றாண்டுகளுக்குள் புது வழக்கு.

இங்கே விவாகரத்தான பின் இங்கிலாந்து வீட்டில் பங்கு கேட்கலாமா? அந்நாட்டின் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதி பெற்று, மறுமணம் செய்துகொள்ளாதவரையில்.

அங்கே விவாகரத்துப் பெற்றவர் இங்கே வந்து மறுமணம் செய்தால்? அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாததானால், பாரதிய நியாய சன்ஹிதையின் 82-ஆம் பிரிவு, ஏழாண்டுச் சிறை வரை.

கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இலங்கையில் மணந்தவர்கள்? முதலிருவருக்கு அவரவர் மணந்த சட்டமே அளவுகோல். மூன்றாமவருக்கு இலங்கைச் சட்டத்தையே பார்க்கவேண்டும்.