உங்களுக்குத் தெரியுமா? பாலும் ஸ்டென்ட்டும் பறித்த வரிச்சலுகை!

மைசூரு சயாஜி ராவ் சாலையில் நின்று நெய் சொட்டச் சொட்ட மைசூர்பாக்கு சாப்பிடுகிறீர்களா? இந்தியா பல கோடி டாலர் சலுகையை இழந்ததற்குப் பாலும் ஒரு காரணம்!

ஜி.எஸ்.பி. என்றொரு சலுகை. நம் நாட்டுப் பொருள்கள் பல அமெரிக்காவுக்குள் வரியே கட்டாமல் நுழைந்தன. அதிக லாபம் பார்த்த நாடு எது? சாட்சாத் இந்தியாதான்!

அமெரிக்காவில் இது அமலுக்கு வந்தது 1976 ஜனவரி 1-இல். இந்தியாவுக்குப் பறிபோனது 2019 ஜூன் 5-இல். மே 30 மாலை மோடி இரண்டாம் முறை பதவியேற்றார். மறுநாளே டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார்! வாழ்த்து அனுப்பும் லட்சணத்தைப் பாருங்கள்!

அவர் சொன்ன காரணம்: இந்தியச் சந்தையில் எங்கள் சரக்குக்குச் சரியான இடமில்லை!

புகார் கொடுத்தவர்களில் ஒரு கூட்டம், அமெரிக்கப் பால்காரர்கள். மாட்டின் ரத்தமோ உறுப்போ கலந்த தீவனம் தின்ற பசுவின் பால் இங்கே வரக்கூடாது என்பது இந்தியாவின் நிபந்தனை. அதற்குச் சான்றிதழ் வேண்டும்! அமெரிக்காவிலோ மாட்டுத் தீவனத்தில் ரத்தப் பொடி கலக்கத் தடையே இல்லை! சுத்த சைவப் பசுவுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இன்னொரு கூட்டம், மருத்துவக் கருவிக் கம்பெனிகள். கே.ஆர்.எஸ். சாலை ஜெயதேவா மருத்துவமனையில் உங்கள் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்களா? மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டியது. 2017 பிப்ரவரியில் அரசு போட்ட உச்சவரம்பு வெறும் 29,600 ரூபாய்! நமக்கு நெஞ்சுவலி குறைந்தது, அவர்களுக்கு ஆரம்பித்தது!

சரி, போனது எவ்வளவு? 2017-இல் சலுகையில் போன சரக்கு 560 கோடி டாலர். மிச்சமான வரி 19 கோடி டாலர்தான் என்றது மத்திய அரசு. நூறு டாலர் சரக்குக்கு மூன்றரை டாலர்கூட இல்லை! அந்த வரியைச் சுங்கத்தில் கட்டவேண்டியவர் யார் தெரியுமா? சரக்கை வாங்கும் அமெரிக்க இறக்குமதியாளர்!

இந்தியா சும்மா இருந்ததா? அமெரிக்கா போட்ட உருக்கு, அலுமினிய வரிக்குப் பதிலடி கொடுக்க ஒரு பட்டியலை ஒரு வருடமாகக் கையிலேயே வைத்திருந்தது. சலுகை போன 11-ஆம் நாள் பிரித்துவிட்டது. 28 பொருள்கள்! பாதாம், ஆப்பிள், கொண்டைக்கடலை எல்லாம் உள்ளே. வால்நட்டுக்கு வரி 120 சதவீதம்!

இதைக் கேளுங்கள். ஏழை நாடுகளுக்கு இப்படியொரு சலுகை தரலாம் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஐ.நா. வர்த்தக மாநாடு எங்கே நடந்தது? 1968-இல், நம்ம டெல்லியில்!

அமெரிக்காவின் இந்தத் திட்டமே 2020 டிசம்பர் 31-இல் காலாவதி. மற்ற நாடுகளுக்கும் பூஜ்யம்!

மூன்றரை சதவீதத்துக்கு இத்தனை கூச்சலா? 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா ஏற்றிய வரி 50 சதவீதம்!