நாய்க்குத் தெரியுமா, மலை சரியப் போவது?

நேயர்களே, நாய் ஊளையிட்டால் கெட்டது நடக்கும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை கொட்டும் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டுவிட்டுச் சிரித்துப் போகலாம். ஆனால் கேமரன் மலையில் கியா பார்ம் போன்ற இடத்தில், சரிவை ஒட்டி வீடும் காய்கறித் தோட்டமும் வைத்திருப்பவர்கள் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. மழைக்கால இரவில் நாய் ஓயாமல் குரைத்தால் எழுந்து ஓடுவதா, போர்த்திப் படுப்பதா? அவர்களுக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு பெரிதானது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். இலங்கையின் யால வனவிலங்குப் பூங்காவில் அலை புகுந்து மனிதர்கள் மாண்டார்கள்; விலங்குகளின் சடலங்களோ பெரிதாகத் தென்படவில்லை. யானைகள் முன்கூட்டியே உணர்ந்து உள்காட்டுக்கு ஓடிவிட்டன என்று உலகமே பேசியது. வேதாரண்யம் அருகே கோடியக்கரையில் மான்கள் மேட்டுக்கு ஓடியதாகவும் செய்தி வந்தது.

ஆனால் யால பகுதியில் இரண்டு யானைகளின் கழுத்தில் ஏற்கெனவே செயற்கைக்கோள் பட்டை கட்டியிருந்தார்கள். அவை எங்கெங்கே நடந்தன என்ற பதிவு இருந்தது. ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். அலைக்கு அஞ்சி ஓடியதற்கான அடையாளம் அதில் இல்லை. இரண்டே யானைகள்தாம், உண்மை. ஆனாலும் இது கருவி எழுதிய கணக்கு. பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்ன கதை அல்ல.

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? அதுவும் இல்லை. நிலநடுக்கத்தில் இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வருவது மெல்லியது, விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகம். பின்னால் வருவதுதான் கட்டடத்தை ஆட்டுவது, அதன் வேகம் 3.5 கிலோமீட்டர் அளவு. எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் இரண்டுக்கும் நடுவே சுமார் 8 விநாடி இடைவெளி கிடைக்கும். அந்த முதல் அலையை நாம் கவனிக்க மாட்டோம், நாய் கவனிக்கலாம். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் யானைக்குக் கேட்கும். இதில் மாயம் இல்லை, கூர்மையான புலன்தான். ஆனால் கிடைப்பது சில விநாடிகள்.

நாள்கணக்கில் முன்பே தெரியுமா என்பதுதான் சிக்கலான கேள்வி. சீனாவில் ஹைசெங் நகரில் 1975 பிப்ரவரி 4-ஆம் தேதி பெரும் நிலநடுக்கம். அதற்கு முன், நடுக்குளிர்காலத்தில் பாம்புகள் பொந்தைவிட்டு வந்து பனியில் உறைந்து கிடந்தன. மக்களை வெளியேற்றினார்கள், ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். இந்த வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள், அதற்கு முன் சிறு அதிர்வுகள் பல வந்து எச்சரித்ததையும் சேர்த்துச் சொல்வதில்லை. மறு ஆண்டு, 1976 ஜூலை 28, தாங்ஷான். எச்சரிக்கை எதுவும் விடப்படவில்லை. அரசுக் கணக்குப்படியே 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆராய்ச்சி நிற்கவில்லை. இத்தாலியில் ஒரு பண்ணையின் மாடு, ஆடு, நாய்களுக்குக் கருவி பொருத்தி, நடுக்கத்துக்குப் பல மணி நேரம் முன்பே அவை பரபரத்ததாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினார்கள். ஒரே பண்ணையின் கதையை வைத்து ஊரைக் காலி செய்ய முடியாது. 2018-இல் வேறொரு குழு இப்படிப்பட்ட 700-க்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. பெரும்பாலானவை நடுக்கம் முடிந்தபின் சொல்லப்பட்டவை. சாதாரண நாளில் அதே பிராணி எப்படி நடந்தது என்ற ஒப்பீடு அரிது. நாய் குரைத்தும் ஒன்றும் நடக்காத இரவுகளை யார் எழுதி வைக்கிறார்கள்?

இனி நம் மலைக்கு வருவோம். கேமரன் மலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மழையும் மண்ணும். ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணை 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் வேலியில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். மலையை வெட்டித் திறந்ததால் மண் கரைந்து ஆற்றையும் அணையையும் தூர்த்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. அணைக் கதவு திறக்கப்போவதை எந்தப் பிராணி மோப்பம் பிடிக்கும்?

பத்தாங் காலியை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் முகாமில் உறங்கிய 31 பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்த நேரத்தில் பெருமழை இல்லை. முந்தைய நாள்களில் பெய்த மழை மண்ணுக்குள் ஊறி நின்றிருந்தது. மழை விட்டுவிட்டது என்று நிம்மதியடைவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரிகிறது.

மண் சரியும் முன் உள்ளே வேர் அறுபடும், கல் உருளும். அந்தச் சத்தம் நாய்க்கு நமக்கு முன் கேட்டால் வியப்பில்லை. ஆகவே தொடர்மழையில் நாய் அடங்காவிட்டால் அதட்டாதீர்கள், விழித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாய் சும்மா இருக்கிறதே என்று படுத்துவிடவும் கூடாது. பகலிலேயே சரிவில் புது வெடிப்பு இருக்கிறதா, மரமோ வேலியோ சாய்ந்திருக்கிறதா, கதவு திடீரென்று இறுகுகிறதா என்று பாருங்கள். ஓடைத் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, மழை நேரத்தில் குறைந்தாலோ, மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். அப்போது டார்ச் எடுத்துக்கொண்டு சரிவைப் பார்க்கப் போகாதீர்கள். பிள்ளைகளை எழுப்பிப் பக்கவாட்டில் சரிவைவிட்டு விலகி, பிறகு 999-க்கு அழையுங்கள். கட்டியிருக்கும் நாயை அவிழ்த்துவிட மறக்க வேண்டாம்.