கிணற்றடியில் ஒரு விஞ்ஞான வகுப்பு

"உலோகங்கள் வெப்பத்தால் விரிவடையும்" என்று உயர்நிலைப் பள்ளி மாணவன் தடையின்றி ஒப்பிப்பான். எவ்வளவு விரிவடையும் என்று கேட்டால் விழிப்பான். ரயில் பாதையைப் பராமரித்த எங்களுக்கோ அந்த 'எவ்வளவு'தான் தொழிலே. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விட்டோம். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களில் அந்த இடைவெளி இல்லையே, பின் ஏன் வளைவதில்லை? ஸ்லீப்பர்களும் ஜல்லியும் அதை இறுகப் பிடித்திருப்பதால். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பில் தூங்குபவனும் நிமிர்ந்து உட்காருவான்.

எங்கள் எலப்புள்ளிப் பக்கம் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு: தண்ணீர். 2025 ஜனவரியில் இங்கே மதுபான ஆலை அமைக்க கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தபோது, நிலத்தடி நீர் என்னவாகும் என்ற கேள்வியே ஊரெங்கும் எழுந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று மாணவர்களுக்கு நாம் சொல்ல வேண்டாம். அளக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு நோட்டுப் புத்தகம். பெரியவர் ஒருவர் உடன் நிற்க, வாரம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தைக் குறிக்கட்டும். 3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் நீர் ஒரு மீட்டர் இறங்கினால், கிணற்றுக்குள் குறைந்தது சுமார் 7,000 லிட்டர். உருளையின் கன அளவு அன்றே மனதில் பதிந்துவிடும். ஓராண்டு வரைபடம் கையில் இருந்தால், ஊர்க்கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பேச்சுக்கும் மதிப்பு உண்டு.

இது வெறும் ஆசை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் வயலுக்குச் சென்று, தாமே சோதனை செய்து படித்தார்கள். புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வு, கூடவே செய்முறைத் தேர்வு. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதை நடத்தியது. 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அது நடந்தது என்பதை மறக்கலாகாது. பாடத்தோடு தேர்வையும் மாற்றியதே அதன் சூட்சுமம்.

ஓய்வு பெற்ற சங்க அன்பர்களே! மின்வாரியம், ஆலை, மருத்துவமனை என்று நம்மிடம் உள்ள அனுபவம் கொஞ்சமா? தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, மாதத்தில் ஒரு மணி நேரம் அருகிலுள்ள பள்ளிக்குச் செல்வோம். உபதேசம் வேண்டாம், அளந்து பார்க்க ஒரு பொருளும், விடை தேட ஒரு கேள்வியும் கொண்டு போவோம்.