சுழற்சி சீர்செய்த விலை–இலாப விகிதம்: பங்குக் குறியீட்டிலிருந்து தனி நிறுவனத்திற்கு

ஆய்வுச் சுருக்கம்

பங்கின் சந்தை விலையை ஓராண்டு இலாபத்தோடு ஒப்பிடாமல், பணவீக்கத்திற்கேற்பச் சீர்செய்யப்பட்ட பத்தாண்டுச் சராசரி இலாபத்தோடு ஒப்பிடுவது பங்கு மதிப்பீட்டில் நன்கறியப்பட்ட முறையாகும். அமெரிக்கப் பங்குச் சந்தை முழுவதையும் மதிப்பிடுவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட இம்முறை, தனி நிறுவனங்களின் பங்குகளுக்கும் பொருத்தப்பட்டு வருகிறது. இம்முறையின் தோற்றம், கணக்கிடும் வழி, குறியீட்டின் அளவில் அதற்குள்ள சான்றுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு நிறுவனத்தின் கடந்த பத்தாண்டு இலாபம் அதன் இன்றைய இலாபத் திறனைக் காட்டும் இடத்தில் மட்டுமே இம்முறை பொருள்படும் என்பதையும் கணக்கீடுகள் வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பங்கு மதிப்பீடு, விலை–இலாப விகிதம், பணவீக்கம், வணிகச் சுழற்சி, ராபர்ட் ஷில்லர், பெஞ்சமின் கிரஹாம்.

முன்னுரை

ஒரு பங்கு மலிவா, விலை மிகுந்ததா என்று அறியப் பலரும் முதலில் நாடுவது விலை–இலாப விகிதம். பங்கின் சந்தை விலையை, அந்நிறுவனம் கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு பங்கிற்கு ஈட்டிய இலாபத்தால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். கணக்கு எளிது, ஆனால் வகுக்கும் எண் நிலையானதன்று. எஃகு, சிமெண்டு, சரக்குக் கப்பல் போன்ற தொழில்களில் ஓர் ஆண்டின் இலாபம் அடுத்த ஆண்டில் பாதியாகக் குறையலாம்; நட்டமாகவும் மாறலாம். இலாபம் உச்சத்தில் இருக்கும்போது விகிதம் குறைந்து, பங்கு மலிவாகத் தோன்றும். இலாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது விகிதம் உயர்ந்து, பங்கு விலை மிகுந்ததாகத் தோன்றும். வாங்கத் தகாத காலத்தில் வாங்கவும், வாங்கத்தக்க காலத்தில் விலகவும் இவ்வளவுகோல் தூண்டக்கூடும்.

இக்குறைக்கு 2009ஆம் ஆண்டு தெளிவான சான்று தருகிறது. நிதி நெருக்கடியின் விளைவாக, எஸ் அண்ட் பி 500 குறியீட்டு நிறுவனங்களின் மொத்த இலாபம் 2008ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் நட்டமாக மாறியது. 2009 மார்ச்சுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்கு, குறியீட்டின் ஓர் அலகிற்குரிய அறிவிக்கப்பட்ட இலாபம் ஏறத்தாழ 7 டாலராகச் சுருங்கியது. அம்மாத இறுதியில் குறியீடு 798 புள்ளிகளில் இருந்தது. எனவே வழக்கமான விகிதம் 100ஐக் கடந்தது. அந்த எண்ணை மட்டும் நோக்கியவருக்கு, அமெரிக்கச் சந்தை தன் வரலாற்றில் மிக விலை மிகுந்த நிலையில் இருப்பதாகப் பட்டிருக்கும். ஆனால் அது ஒரு தலைமுறைக்குரிய தாழ்நிலை. அதே மாதத்தில் பத்தாண்டுச் சராசரியால் கணக்கிட்ட விகிதம் 13ஐ ஒட்டியே இருந்தது.

முறையின் தோற்றம்

பல்லாண்டு இலாபத்தைச் சராசரியாக்கும் கருத்து புதியதன்று. பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் வெளியிட்ட ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ என்னும் நூலில், ஐந்தாண்டுக்குக் குறையாத காலத்தின் சராசரி இலாபத்தைக் கொள்ள வேண்டும் என்றும், ஏழு அல்லது பத்தாண்டு கொள்வது மேலும் நன்று என்றும் பரிந்துரைத்தனர். அவர்கள் பேசியது தனிப் பங்கின் மதிப்பைப் பற்றியே. கிரஹாம் பின்னர்ச் சிறு முதலீட்டாளர்களுக்காக எழுதிய நூலிலும், கடந்த ஏழாண்டுச் சராசரி இலாபத்தைப்போல் 25 மடங்கிற்கு மேல் விலை தரலாகாது என்று ஒரு வரம்பு வகுத்தார்.

ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இக்கருத்தைச் சந்தை முழுவதற்கும் விரித்தனர். இவர்கள் செய்த முதன்மையான சேர்க்கை பணவீக்கச் சீர்மையாகும். பத்தாண்டுக்கு முந்தைய ஒரு டாலரும் இன்றைய ஒரு டாலரும் ஒரே வாங்கும் திறன் கொண்டவை அல்ல. அவற்றை அப்படியே கூட்டிச் சராசரி காண்பது பிழை. ஷில்லர் தொகுத்த தரவுத் தொடர் 1871 முதல் தொடங்குவதால், போர்களும் பெருமந்தமும் பணவீக்கக் காலங்களும் அடங்கிய நீண்ட வரலாற்றில் இவ்விகிதத்தைச் சோதிக்க முடிந்தது. இது ‘சுழற்சி சீர்செய்த விலை–இலாப விகிதம்’ எனப்படுகிறது. ‘கேப் விகிதம்’, ‘ஷில்லர் விகிதம்’ என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. ஷில்லர் 2013ஆம் ஆண்டில் யூஜின் ஃபாமா, லார்ஸ் பீட்டர் ஹான்சன் ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கணக்கிடும் முறை

கணக்கீடு மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, ஒவ்வோர் ஆண்டிற்கும் ஒரு பங்கிற்கான இலாபத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்; நட்ட ஆண்டுகளை விலக்கலாகாது. இரண்டாவதாக, ஒவ்வோர் ஆண்டின் இலாபத்தையும் இன்றைய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணால் பெருக்கி, அவ்வாண்டின் குறியீட்டெண்ணால் வகுக்க வேண்டும். மூன்றாவதாக, பத்தாண்டுகளின் மெய் இலாபங்களைச் சராசரியாக்கி, இன்றைய விலையை அச்சராசரியால் வகுக்க வேண்டும்.

சுழற்சிக்கு உட்பட்ட தொழிலில் உள்ள ஒரு கற்பித நிறுவனத்தைக் கொள்வோம். அதன் இன்றைய பங்கு விலை 360 ரூபாய்.

| ஆண்டு | பெயரளவு இலாபம் (ரூ.) | விலைக் குறியீட்டெண் | மெய் இலாபம் (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 10 | 100 | 15 |
| 2 | 14 | 105 | 20 |
| 3 | 22 | 110 | 30 |
| 4 | 23 | 115 | 30 |
| 5 | 8 | 120 | 10 |
| 6 | –5 | 125 | –6 |
| 7 | 13 | 130 | 15 |
| 8 | 23 | 138 | 25 |
| 9 | 24 | 144 | 25 |
| 10 | 36 | 150 | 36 |

பத்தாம் ஆண்டின் இலாபத்தை மட்டும் கொண்டால் விகிதம் 10. பங்கு மிக மலிவு. பணவீக்கத்தைக் கருதாத பத்தாண்டுச் சராசரி 16.80 ரூபாய், விகிதம் 21.4. மெய் இலாபத்தின் சராசரி 20 ரூபாய், விகிதம் 18. ஒரே பங்கு, ஒரே விலை. எனினும் மூன்று விடைகள். முதல் விடை, உச்ச ஆண்டை வழக்கமான ஆண்டாகக் கொள்கிறது. இரண்டாம் விடை, பழைய இலாபங்களை உள்ளதினும் சிறியனவாகக் காட்டிப் பங்கை வேண்டாத அளவிற்கு விலை மிகுந்ததாக்குகிறது. பணவீக்கம் மிகுந்த நாடுகளில் இவ்வேறுபாடு மேலும் விரியும்.

குறியீட்டின் அளவில் கிடைத்த சான்றுகள்

விகிதம் உயர்வாக இருப்பதற்கு இரண்டு விளக்கங்கள் கூறலாம். வருங்கால இலாபம் வேகமாக வளரும் என்பது ஒன்று. வருங்கால முதலீட்டு ஆதாயம் குறைவாக இருக்கும் என்பது மற்றொன்று. அமெரிக்க வரலாற்றில் பெரும்பாலும் இரண்டாவதே நிகழ்ந்தது என்பது கேம்பெல், ஷில்லர் ஆகியோரின் முடிவு. உயர்ந்த விகிதம் பின்னர்ச் சராசரியை நோக்கித் திரும்பியபோது, இலாபம் உயர்ந்து விலையை எட்டிப் பிடிக்கவில்லை. விலையே இறங்கி வந்தது. 1929 செப்டம்பரில் 32ஐத் தாண்டிய விகிதமும், 1999 டிசம்பரில் 44ஐ எட்டிய விகிதமும் இதற்குச் சான்றுகள்.

எனினும் இம்முறை காலம் குறிக்கும் கருவியன்று. இருவரும் 1996 டிசம்பர் 3ஆம் நாள் அமெரிக்க மைய வங்கியின் ஆளுநர் குழு முன்னிலையில் சந்தையின் உயர்விலையைப் பற்றி எடுத்துரைத்தனர். இரு நாள்கள் கழித்து, அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் சந்தையின் பகுத்தறிவுக்கு ஒவ்வாத மிகையூக்கம் பற்றிய புகழ்பெற்ற கேள்வியை எழுப்பினார். அன்று எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 744 புள்ளிகள். 2000 மார்ச்சில் அது 1,527ஐ எட்டியது. எச்சரிக்கையை ஏற்று விலகியவர் மூன்றாண்டுகளுக்கு மேல் தவறு செய்தவராகவே தோன்றினார். ஆனால் 2009 மார்ச் 9ஆம் நாள் குறியீடு 677ஆக இறங்கியது. அதாவது 1996 டிசம்பர் நிலைக்கும் கீழே. பத்தாண்டு அளவில் பொருள்படும் ஒரு கருவியை ஓராண்டு முடிவிற்குப் பயன்படுத்தலாகாது என்பதே இதன் பாடம்.

தனி நிறுவனத்திற்குப் பொருத்துகையில் எழும் சிக்கல்கள்

முதற்சிக்கல் வளர்ச்சி வீதம். பத்தாண்டுச் சராசரி என்பது ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு முந்தைய நிலையின் படம். குறியீட்டின் மெய் இலாபம் நீண்டகாலத்தில் மெல்லவே வளர்வதால், அங்கு இப்பின்தங்கல் சிறிது. தனி நிறுவனத்தில் அவ்வாறன்று. மூன்று நிறுவனங்களின் வழக்கமான விகிதம் ஒன்றுபோல் 20 என்று கொள்வோம். மெய் இலாபம் ஆண்டுக்கு 2 விழுக்காடு சீராக வளர்ந்த நிறுவனத்தின் சீர்செய்த விகிதம் 21.8. ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்த நிறுவனத்திற்கு அது 31.6. ஆண்டுக்கு 5 விழுக்காடு தேய்ந்த நிறுவனத்திற்கு 15.7. மூன்றிலும் சுழற்சி என்பதே இல்லை. எனினும் வளர்வது விலை மிகுந்ததாகவும் தேய்வது மலிவாகவும் தோன்றுகின்றன. சுழற்சியைச் சீர்செய்ய வந்த கருவி, போக்கையும் சுழற்சியாகக் கருதிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் உறுப்பு மாற்றம். குறியீடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நிறுவனத்திற்கு அவ்வசதி இல்லை. ஒளிப்படச் சுருள் தொழிலில் கோலோச்சிய ஈஸ்ட்மன் கோடாக் 2010 டிசம்பரில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே மாற்றத்தில் நெட்ஃபிளிக்ஸ் உள்ளே வந்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. விகிதம் சராசரிக்குத் திரும்பும் என்னும் நம்பிக்கை, நலிந்தவற்றை நீக்கி வளர்ந்தவற்றைச் சேர்க்கும் தொகுப்பிற்கே உரியது. நலிந்துவரும் ஒரு நிறுவனத்தின் பழைய இலாபம் திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது, அரிதாக நேரும் பெருநட்டங்கள். அமெரிக்கக் கணக்கியல் நெறிகள் 2001இல் மாற்றப்பட்டபின், நற்பெயரின் மதிப்புக் குறைவை ஒரே வீச்சில் போக்கெழுதும் வழக்கம் வந்தது. ஏஓஎல் டைம் வார்னர் நிறுவனம் 2002ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ 99 பில்லியன் டாலர் நட்டம் காட்டியது. அதன் பெரும்பகுதி இவ்வகையினது. இத்தகைய மாற்றங்களால் பழைய இலாபமும் புதிய இலாபமும் ஒரே அளவையால் அளக்கப்பட்டவை அல்ல என்று ஜெரமி சீகல் வாதிட்டார். தனி நிறுவனத்தில் இதன் விளைவு மேலும் கூர்மையானது. ஒரு பெருநட்டம் சராசரியைப் பத்தாண்டுகள் கீழிழுக்கும். பதினோராம் ஆண்டில் கணக்கிலிருந்து வெளியேறும். அந்நாளில் நிறுவனத்தில் எதுவும் நிகழாமலே பங்கு திடீரென மலிவாகத் தோன்றும். மேற்காட்டிய அட்டவணையில் –6 ரூபாய் வெளியேறி அவ்விடத்தில் 20 ரூபாய் வந்தாலே சராசரி 2.60 ரூபாய் உயரும்.

நான்காவது, பங்குகளின் எண்ணிக்கை. பங்குப் பிரிப்பு, போனஸ் பங்கு ஆகியவற்றிற்கேற்பப் பழைய இலாபங்களைத் திருத்தாவிடில் கணக்கே பிழையாகும். பங்காதாயம் தருவதற்கு மாறாகப் பங்குகளைத் திரும்ப வாங்கும் நிறுவனத்தில், மொத்த இலாபம் மாறாவிடினும் ஒரு பங்கிற்கான இலாபம் வளரும். அதனால் சராசரி மேலும் பின்தங்கும்.

பயன்படுத்தத்தக்க எல்லை

இச்சிக்கல்கள் முறையைப் புறந்தள்ளுவதற்கான காரணங்கள் அல்ல. அதன் எல்லையை வரையறுப்பவை. விகிதத்தைக் கணக்கிடுமுன் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்பலாம். பத்தாண்டுக்கு முன் இருந்த அதே தொழிலில்தான் நிறுவனம் இன்றும் உள்ளதா? இலாபத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு நிலையைச் சுற்றி நிகழ்கிறதா, ஒரு திசையில் நகர்கிறதா? அப்பத்தாண்டில் ஒரு நல்ல காலமும் ஒரு கெட்ட காலமுமாவது அடங்கியுள்ளனவா? இம்மூன்றிற்கும் ஏற்ற விடை கிடைக்கும் இடங்களில், குறிப்பாக முதிர்ந்த, சுழற்சிக்குட்பட்ட தொழில்களில், இவ்விகிதம் நல்ல துணை. ஏற்ற விடை கிடைக்காத இடங்களில், எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் விடை பொருளற்றது.

கிடைத்த விகிதத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதும் கருதத்தக்கது. சந்தை முழுவதன் வரலாற்றுச் சராசரியைத் தனி நிறுவனத்திற்கு அளவுகோலாக்குவது பொருந்தாது. அந்நிறுவனத்தின் பழைய விகிதங்களோடும், அதே தொழிலில் உள்ள பிற நிறுவனங்களின் விகிதங்களோடும் ஒப்பிடுவதே முறை. விகிதத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்பதும் பயன் தரும். மேற்காட்டிய நிறுவனத்தில் 360 ரூபாய்க்கு 20 ரூபாய் என்பது ஏறத்தாழ 5.6 விழுக்காட்டு மெய் ஈட்டுவீதம். கடன் பத்திரம் பணவீக்கம் போகத் தரும் வட்டியோடு இதை ஒப்பிட்டால், பங்கின் இடர்ப்பாட்டிற்கு ஈடு கிடைக்கிறதா என்று எடைபோடலாம்.

முடிவுரை

பணவீக்கத்திற்கேற்பச் சீர்செய்த நீண்டகாலச் சராசரி, ஓராண்டு இலாபத்தின் மயக்கத்திலிருந்து மதிப்பீட்டை விடுவிக்கிறது. தனிப் பங்கிற்காகக் கிரஹாம் தொடங்கிய கருத்து, ஷில்லரின் வழியே சந்தைக்குச் சென்று, அங்கு நீண்ட வரலாற்றின் சான்றைப் பெற்றது. அச்சான்று தொகுப்பிற்குரியது; அதை எடுத்துக்கொண்டு தனிப் பங்கிற்குத் திரும்புகையில் வளர்ச்சி, தேய்வு, கணக்கியல், பங்கு எண்ணிக்கை ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய வேண்டும். கடந்த பத்தாண்டு, வரும் பத்தாண்டிற்குச் சான்றாகுமா என்னும் வினாவிற்குச் சராசரி தானே விடை சொல்வதில்லை. அவ்வினாவிற்கு நிறுவனத்தையும் அதன் தொழிலையும் கற்றே விடை காண இயலும். அதன் பின்னரே வகுத்தல் கணக்கிற்குப் பொருள் உண்டாகும்.